இணையின் ஆட்டம்

விம்பிள்டனில் மகளிர் இரட்டையருக்குச் சாம்பியன்ஷிப் பட்டம் முதன்முதலில் வழங்கப்பட்டது 1913ஆம் ஆண்டில். ஆடவர் ஒற்றையர் 1877இலேயே தொடங்கிவிட்டது. மகளிர் ஒற்றையரும் ஆடவர் இரட்டையரும் 1884இல் வந்து சேர்ந்தன. பெண்கள் இருவர் இருவராக ஆடும் ஆட்டம் 1899 முதல் 1907 வரை அங்கே நடந்ததுண்டு. அதற்குச் சாம்பியன்ஷிப் தகுதி கிடையாது. தகுதி கிடைத்த ஆண்டின் இறுதியாட்டம் விசித்திரமாக முடிந்தது. ஒரு பக்கம் டோரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ், சார்லட் ஸ்டெரி. மறுபக்கம் வினிஃப்ரெட் மக்நெய்ர், டோரா பூத்பி. சேம்பர்ஸ் அந்தக் காலத்தின் மகாராணி. 1911 இறுதியில் இதே பூத்பியை 6-0, 6-0 என்று ஒரு கேம்கூடக் கொடுக்காமல் வென்றவர். 1913 ஒற்றையர் இறுதியில் அவரிடம் தோற்றவர் இதே மக்நெய்ர். ஸ்டெரியோ ஐந்து முறை ஒற்றையர் பட்டம் வென்றவர், 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், அப்போது நாற்பது வயதைக் கடந்திருந்தார். இந்த இணை முதல் செட்டை 6-4 என்று எடுத்து, இரண்டாவதில் 4-2 என முன்னிலையில் இருந்தபோது ஸ்டெரிக்குக் காலில் அடிபட்டது. அவரால் தொடர முடியவில்லை. பட்டம் மக்நெய்ர், பூத்பி இணைக்குப் போனது.

சேம்பர்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் ஆடத் தயாராகவே நின்றார். ஆனாலும் ஆட்டம் முடிந்துவிட்டது. இரட்டையர் ஆட்டத்தின் அடிப்படைச் சட்டம் முதல் இறுதியாட்டத்திலேயே இப்படி வெளிப்பட்டது: இங்கே ஆடுவது இணை. ஒருவர் விழுந்தால் மற்றவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் தனியாகத் தொடர வழியில்லை.

களத்தின் நீளம் ஒற்றையருக்கும் இரட்டையருக்கும் ஒன்றுதான், 78 அடி. அகலம் மட்டும் ஒற்றையரில் 27 அடி, இரட்டையரில் 36 அடி. இரு ஓரங்களிலும் நாலரை அடிப் பட்டை ஒன்று கூடுகிறது. தலைக்கு 27 அடி என்பது 18 அடியாகக் குறைகிறது, ஆகவே வேலையும் குறையும் என்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். நடப்பது வேறு. ஒற்றையரில் எதிராளியை இடமும் வலமுமாக ஓடவிட்டு, காலியான இடத்தில் பந்தைப் போடலாம். இரட்டையரில் காலியிடம் தானாகக் கிடைப்பதில்லை; அதை உண்டாக்க வேண்டும். வலையருகே ஒருத்தி மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, ஒற்றையரில் பாதுகாப்பாக இருந்த குறுக்கு அடி இங்கே ஆபத்தாகிவிடுகிறது. ரிட்டர்ன் கொஞ்சம் உயர்ந்து வந்தால் போதும், அவள் நடுவே பாய்ந்து முடித்துவிடுவாள். ஆகவே ரிட்டர்ன் தாழ்வாக, சர்வீஸ் செய்துவிட்டு முன்னேறி வருபவளின் காலடியில் விழ வேண்டும். அல்லது வலையில் நிற்பவளின் தலைக்கு மேல் லாப் போக வேண்டும். அல்லது அவள் பாய்வதற்காக நகரும் அந்த நொடியில், அவள் விட்டுப்போன ஓரப்பட்டையில் பந்து பறக்க வேண்டும். மூன்றில் எது என்று முடிவெடுக்க ஒரு நொடிகூட இல்லை.

வலையில் நிற்பவள் சர்வீஸுக்கு முன் முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரல்களை மடக்குவதையும் விரிப்பதையும் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பார்கள். நான் பாயப்போகிறேன், நீ என் இடத்தை அடைத்துக்கொள். அல்லது நான் நகரமாட்டேன், நீ உன் பக்கத்தைப் பார். இந்த இரண்டு செய்திகள்தான் பெரும்பாலும். எந்த விரலுக்கு என்ன பொருள் என்பது இணைக்கு இணை மாறும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருவரும் அருகே வந்து, பந்தால் வாயை மறைத்துக்கொண்டு பேசுவதும் இதற்குத்தான். சிலர் வலையருகே களத்தின் நடுவில் குனிந்து உட்காருவார்கள், எந்தப் பக்கம் பாய்வார்கள் என்று எதிரணிக்குத் தெரியாதபடி. ரிட்டர்ன் எடுப்பவளின் கண் பந்தில் இருக்க வேண்டிய நேரத்தில் பாதிக் கண் அந்தக் குனிந்த உருவத்தின்மேல் போய்விடும். அந்தக் கவனச் சிதறல்தான் அவர்கள் வேண்டுவது.

இன்னொரு சிக்கல் நடுவே வரும் பந்து. இருவருக்கும் சமதூரத்தில் வரும் பந்து யாருடையது? நடுவில் ஃபோர்ஹேண்ட் இருப்பவள் எடுப்பது பொது வழக்கம். ஆனால் முந்தைய அடி யாருடையது, யார் வலைக்கு அருகில், யாருடைய சமநிலை குலையாமல் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். புதிதாகச் சேர்ந்த இணைகளில் இருவரும் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதும், இருவர் மட்டையும் மோதிக்கொள்வதும் நடக்கும். பழகிய இணையில் ஒருத்தி நகர்ந்ததுமே மற்றவள் பின்வாங்கிவிடுவாள். சமையலறையில் நெடுநாள் சேர்ந்து வேலை செய்த இரண்டு பெண்கள் ஒருவர்மீது ஒருவர் இடிக்காமல் நகர்வதைப் போன்ற பழக்கம் அது. கற்றுக்கொடுத்து வருவதில்லை, ஆடி ஆடித்தான் வரும்.

விம்பிள்டன் மகளிர் இரட்டையரில் 64 இணைகள் கலந்துகொள்கின்றன. பட்டத்துக்கு ஆறு சுற்றுகள். மூன்று செட்டில் இரண்டை எடுப்பவர் வென்றவர். ஆடவர் இரட்டையர் நெடுங்காலம் ஐந்து செட்டாக நடந்து, 2023இல்தான் மூன்றாகக் குறைந்தது. மூன்றாம் செட் 6-6 ஆனால் 10 புள்ளி டை-பிரேக் என்பது 2022 முதல் உள்ள விதி. இணைக்குரிய கோப்பையை 1949இல் கெண்ட் சீமாட்டியான இளவரசி மரினா அளித்தார். இரண்டு பேர் சேர்ந்து வெல்லும் பட்டத்துக்கு அரை நூற்றாண்டு ஒரே கோப்பைதான்; இரண்டாவதைக் கிளப் 2001இல் சேர்த்தது.

இந்தப் பட்டத்தின் வரலாற்றில் எலிசபெத் ரயனைப்போல் யாரும் இல்லை. கலிஃபோர்னியாவில் 1892இல் பிறந்தவர். 1914இல் அக்னஸ் மார்டனோடு சேர்ந்து முதல் பட்டம். போர் முடிந்து போட்டிகள் மீண்டும் தொடங்கிய 1919 முதல் 1923 வரை தொடர்ச்சியாக ஐந்து, பிறகு 1925இல் ஒன்று. இந்த ஆறும் பிரான்ஸின் சுசான் லாங்லெனோடு. 1926இல் மேரி பிரவுன், 1927இலும் 1930இலும் ஹெலன் வில்ஸ், 1933இலும் 1934இலும் சிமோன் மாத்யூ. மொத்தம் 12 மகளிர் இரட்டையர் பட்டங்கள், ஐந்து வெவ்வேறு துணைகளோடு. கலப்பு இரட்டையரில் இன்னும் ஏழு. ஆக 19. ஒற்றையர் பட்டம் ஒன்றுகூட இல்லை. இரண்டு முறை ஒற்றையர் இறுதிக்கு வந்தார். 1921இல் அவரைத் தோற்கடித்தவர் லாங்லென். 1930இல் தோற்கடித்தவர் ஹெலன் வில்ஸ். எந்தப் பெண்களோடு சேர்ந்து நின்றபோது அவரை வெல்ல ஆளில்லையோ, அவர்களே எதிரில் நின்றபோது அவரால் வெல்ல முடியவில்லை. இதை ரயனின் குறையாகச் சொல்வது வழக்கம். ஆனால் ஐந்து துணைகள், இருபது ஆண்டுகள், வெவ்வேறு ஆட்ட முறைகள். யாரோடு நின்றாலும் அவரைப் பட்டத்துக்கு உரியவராக்கும் திறமை தனித் திறமை. ஒற்றையரில் அதை அளக்கும் கோலே இல்லை.

1926இல் ரயனும் லாங்லெனும் பிரிந்து ஆடினார்கள். லாங்லென் தன் நாட்டைச் சேர்ந்த விலாஸ்டோவோடும் ரயன் மேரி பிரவுனோடும் சேர்ந்தார்கள். சீட்டுக் குலுக்கலில் இரண்டு இணைகளும் தொடக்கத்திலேயே நேருக்கு நேர் வந்தன. அந்த ஆண்டுதான் அரசியார் காத்திருக்க லாங்லென் ஆட வரவில்லை என்று பெரிய சர்ச்சை எழுந்தது. மறுபடி ஏற்பாடான இரட்டையர் ஆட்டத்தில் ரயன் இணை வென்றது. ஆறு பட்டங்களை ஒன்றாக எடுத்தவர்கள் அதன்பிறகு விம்பிள்டனில் சேர்ந்து ஆடவேயில்லை.

1956ஆம் ஆண்டின் பட்டம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. ஆல்தியா கிப்சன் அமெரிக்கக் கறுப்பினப் பெண். 1950 வரை தன் நாட்டுச் சாம்பியன்ஷிப்பில் அவருக்கு இடமே இல்லை. ஏஞ்சலா பக்ஸ்டன் லிவர்பூலில் பிறந்த யூதப் பெண். யூதர் என்பதால் லண்டன் டென்னிஸ் கிளப் ஒன்று அவரைச் சேர்க்க மறுத்தது. 1955இன் இறுதியில் அமெரிக்க அரசின் நல்லெண்ணப் பயணமாகக் கிப்சன் ஆசிய நாடுகளைச் சுற்றினார். பர்மா, இலங்கை, இந்தியா, பாகிஸ்தான் எல்லாம் அந்தப் பயணத்தில் அடங்கும். அவரும் பக்ஸ்டனும் பழகியது இந்தியாவில். மற்ற வீராங்கனைகள் கிப்சனைத் துணையாக அழைக்கத் தயங்கிய காலம் அது. இருவரும் சேர்ந்து 1956 பிரெஞ்சு இரட்டையரை வென்றார்கள். சில வாரங்களில் விம்பிள்டன் இறுதியில் ஆஸ்திரேலியாவின் ஃபே மல்லர், டாஃப்னி சீனி இணையை 6-1, 8-6 என்று வென்றார்கள். விம்பிள்டனில் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர் கிப்சன். 1957 ஒற்றையர் பட்டத்தோடுதான் அவர் பெயர் வழக்கமாகச் சேர்த்துச் சொல்லப்படுகிறது. அதற்கு ஓராண்டு முன்பே, வேறொரு விலக்கப்பட்ட பெண்ணின் பக்கத்தில் நின்று, அந்தக் கதவு திறந்துவிட்டது. பக்ஸ்டன் அதே ஆண்டு ஒற்றையரிலும் இறுதிவரை வந்தவர். மணிக்கட்டுக் காயத்தால் சீக்கிரமே ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. கிப்சன் 1957இல் டார்லீன் ஹார்டோடும் 1958இல் பிரேசிலின் மரியா புவெனோவோடும் இரட்டையர் பட்டத்தை மறுபடி எடுத்தார்.

அந்த இணை களத்தோடு முடியவில்லை. 1990களில் கிப்சன் நோயிலும் வறுமையிலும் தனித்துக் கிடந்தபோது தொலைபேசியில் பேசியது பக்ஸ்டனிடம். பக்ஸ்டன் தன் பணத்தைக் கொடுத்ததோடு நிற்காமல், டென்னிஸ் உலகுக்குச் செய்தி போகும்படி செய்தார். உலகெங்கும் இருந்து உதவி வந்து சேர்ந்தது. கிப்சன் 2003இல் மறைந்தார், பக்ஸ்டன் 2020இல்.

1961இல் 17 வயது பில்லி ஜீன் மாஃபிட்டும் 18 வயது கேரன் ஹான்ட்ஸும் தரவரிசைப் பட்டியலில் இடம்பெறாமலே வந்து இறுதியில் ஜான் லஹேன், மார்கரெட் ஸ்மித் இணையை வென்றார்கள். அடுத்த ஆண்டும் இதே இருவர் வென்றனர். ஆனால் கிளப்பின் பெயர்ப்பலகையில் அது வேறு இணை போலத் தெரியும். ஹான்ட்ஸ் மணமாகி சஸ்மன் ஆகிவிட்டார். மாஃபிட் 1965இல் மணமாகி கிங் ஆனார். வீராங்கனையின் பெயருக்கு முன்னால் மிஸ், மிஸஸ் என்று எழுதும் வழக்கம் அந்தப் பலகைகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்து, 2022இல்தான் நீங்கியது.

பில்லி ஜீன் கிங் பத்து முறை மகளிர் இரட்டையரை வென்றார். அவற்றுள் ஐந்து ரோஸ்மேரி கஸல்ஸோடு. கஸல்ஸ் ஐந்தடி இரண்டங்குலம் உயரம்தான். லாப் எளிதாகத் தலைக்கு மேல் போகும் என்று எதிரணி நினைத்த இடத்தில் பின்னோக்கி எம்பி அடித்துவிடுவார். 1973இல் கிங் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றையும் ஒரே ஆண்டில் எடுத்தார். அதன் பிறகு விம்பிள்டனில் எந்தப் பெண்ணும் அதைச் செய்யவில்லை. 1979இல் அவர் ரயனோடு சமமாக 19 பட்டங்களில் நின்றார். ஜூலை 6 அன்று, 87 வயது ரயன் விம்பிள்டன் மைதானத்திலேயே மயங்கி விழுந்து இறந்துபோனார். மறுநாள் கிங், மார்ட்டினா நவ்ரத்திலோவாவோடு சேர்ந்து இரட்டையரை வென்று 20ஆவது பட்டத்தைத் தொட்டார்.

நவ்ரத்திலோவா இடக்கையர். பாம் ஷ்ரைவர் ஆறடி உயர வலக்கையர். இந்த இருவரும் 1983 முதல் 1985 வரை தொடர்ந்து 109 ஆட்டங்களில் தோற்கவில்லை. 1984இல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இரட்டையர் பட்டங்களையும் வென்றார்கள். அந்தத் தொடர் முறிந்தது 1985 விம்பிள்டன் இறுதியில். கேத்தி ஜோர்டனும் எலிசபெத் ஸ்மைலியும் முதல் செட்டை இழந்த பிறகு 5-7, 6-3, 6-4 என்று வென்றார்கள். சேர்ந்து ஆடிய ஆண்டுகளில் நவ்ரத்திலோவா ஷ்ரைவரை ஒற்றையரில் பெரும்பாலும் வென்றவர். முதல் நாள் தன்னை வீழ்த்தியவளோடு மறுநாள் ஒரே பக்கம் நிற்கும் மனநிலையை இந்த ஆட்டம் கேட்கிறது. அதைத் தொழில்முறை நாகரிகம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அதைவிட ஆழமான ஒன்று அதில் இருக்கிறது.

வில்லியம்ஸ் சகோதரிகளிடம் அது கண்ணுக்கு முன்னால் நடந்தது. 2008 ஜூலை 5 அன்று ஒற்றையர் இறுதியில் வீனஸ் தங்கை செரீனாவை வென்றார். சில மணி நேரத்தில் இருவரும் சேர்ந்து இரட்டையரை 6-2, 6-2 என்று வென்றார்கள். 2009இல் ஒற்றையர் இறுதியில் செரீனா அக்காவை வென்றார். அன்றும் இரட்டையரை இருவரும் சேர்ந்து எடுத்தார்கள். 2000, 2002, 2008, 2009, 2012, 2016 என விம்பிள்டனில் ஆறு பட்டங்கள். எல்லா கிராண்ட்ஸ்லாம்களிலும் சேர்த்து 14 இறுதிகளுக்கு வந்து பதினான்கையும் வென்றவர்கள். வருடம் முழுக்கச் சேர்ந்து ஆடியவர்களும் இல்லை. பிறந்ததிலிருந்து ஒரே களத்தில் பந்து அடித்ததே அவர்களுடைய பயிற்சி.

இந்தியாவுக்கு இந்தப் பட்டம் வந்த விதம் விரிவாகச் சொல்லத் தக்கது. ஹைதராபாதில் வளர்ந்த சானியா மிர்சா 2003இல் விம்பிள்டன் இளையோர் மகளிர் இரட்டையரை ரஷ்யாவின் அலிசா கிளைபனோவாவோடு வென்றார். 2007இல் ஒற்றையர் தரவரிசையில் 27ஆம் இடம்வரை போனார். மணிக்கட்டு, முழங்கால் அறுவைச் சிகிச்சைகள் ஒற்றையரைத் தொடர விடவில்லை. 2013இல் இரட்டையர் மட்டுமே என்று தீர்மானித்தார். அந்த முடிவைப் பின்வாங்கலாகப் பேசியவர்கள் அப்போது நிறையப் பேர். 2015 ஏப்ரல் 13 அன்று அவர் இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்துக்கு வந்தார். இந்தியப் பெண் ஒருவர் அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல் முறை.

அவருடைய துணை சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸ். ஹிங்கிஸ் 1996இல் 15 வயதில் ஹெலெனா சுகோவாவோடு விம்பிள்டன் இரட்டையரை வென்றவர். 1998இல் யானா நோவோட்னாவோடு மறுபடி. அதன் பிறகு 17 ஆண்டுகள் அவருக்கு விம்பிள்டனில் பட்டம் இல்லை. ஓய்வு பெற்றார், திரும்பினார், மறுபடி விலகினார், மறுபடி வந்தார். சானியாவின் பலம் பின்னாலிருந்து வரும் கனமான ஃபோர்ஹேண்ட். ஹிங்கிஸின் பலம் வலையருகே எதிராளியின் மட்டை திரும்புவதற்கு முன்பே பந்து எங்கே வரும் என்று கணித்துவிடும் கண். ஒருத்தி அடித்து எதிரணியைத் தடுமாற வைப்பாள். மற்றவள் அந்தத் தடுமாற்றத்தின் பந்தை முடிப்பாள்.

2015 ஜூலை 11 அன்று சென்டர் கோர்ட்டில் இறுதி. எதிரில் ரஷ்யாவின் எகடெரினா மகரோவா, எலெனா வெஸ்னினா. ஏற்கெனவே பிரெஞ்சு, அமெரிக்கப் பட்டங்களை வென்ற இணை. முதல் செட்டை ரஷ்யர்கள் 7-5 என எடுத்தார்கள். இரண்டாவது டை-பிரேக்கில் 7-4 என்று சானியா, ஹிங்கிஸ் பக்கம் வந்தது. மூன்றாவதில் அவர்கள் 2-5 எனப் பின்தங்கினார்கள். ஒரே ஒரு கேம் போனால் ஆட்டம் முடிந்துவிடும். அங்கிருந்து மூன்று கேம்களை வரிசையாக எடுத்து 5-5 ஆக்கினார்கள். அதற்குள் வெளிச்சம் குறைந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி மேற்கூரையை மூடி விளக்கு போட்டார்கள். வேகம் பிடித்த அணிக்கு இடைவேளை பெரிய இடைஞ்சல். பின்தங்கிய அணிக்குத்தான் அது மூச்சுவிட நேரம். ஆனால் திரும்பி வந்ததும் மீதி இரண்டு கேம்களையும் சானியாவும் ஹிங்கிஸும் எடுத்து 7-5 என முடித்தார்கள். ஐந்து கேம்கள் வரிசையாக, கூரைக்கு முன் மூன்று, பின் இரண்டு. மகளிர் இரட்டையரில் கிராண்ட்ஸ்லாம் வென்ற முதல் இந்தியப் பெண் சானியா. மறுநாள் ஹிங்கிஸ் லியாண்டர் பயஸோடு கலப்பு இரட்டையரையும் வென்றார்.

சானியா, ஹிங்கிஸ் இணை அமெரிக்க ஓப்பன், 2016 ஆஸ்திரேலிய ஓப்பன் என்று தொடர்ந்து 41 ஆட்டங்களில் தோற்கவில்லை. 2016 பிப்ரவரியில் தோஹாவில் அந்தத் தொடர் முடிந்தது. எதிரணியில் அதே வெஸ்னினா, புதிய துணை கசாட்கினாவோடு. ஆளுக்கொரு செட் ஆன பிறகு முடிவு செய்தது மூன்றாம் செட் இல்லை, 10 புள்ளி டை-பிரேக். கிராண்ட்ஸ்லாம் தவிர்த்த தொழில்முறைப் போட்டிகளில் இரட்டையருக்கு இந்த விதிதான். டியூஸ் வந்தால் அட்வான்டேஜ் கிடையாது, அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடியும். இரண்டு மணி நேரத்தில் உருவாக வேண்டிய ஆட்டத்தைத் தொலைக்காட்சி நேரத்துக்கும் களம் ஒதுக்கும் வசதிக்கும் ஏற்ப நறுக்கிய விதி இது. இணையின் கலை நிதானமாக வெளிப்படுவது மூன்றாம் செட்டில்தான், அதையே எடுத்துவிட்டார்கள். விம்பிள்டன் முழு மூன்றாம் செட்டை இன்னும் வைத்திருப்பது அந்தப் பட்டத்தின் மதிப்புக்கு ஒரு காரணம்.

சென்னை நுங்கம்பாக்கம் அரங்கில் 2022 செப்டம்பரில் நடந்த மகளிர் சென்னை ஓப்பனும் இந்தச் சுருங்கிய விதிப்படிதான். 16 இணைகள் மட்டுமே. ஆனால் அங்கே நடந்தது சிறியதில்லை. கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கி, பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானி இருவரும் 2021 அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் ஆடிக்கொண்டிருந்தபோது ஸ்டெஃபானியின் முழங்கால் தசைநார் அறுந்து, சக்கர நாற்காலியில் வெளியே போனார். ஓராண்டு கழித்து அவர் திரும்பி வந்து ஆடிய முதல் போட்டி சென்னை. பக்கத்தில் அதே டப்ரோவ்ஸ்கி. இறுதியை 6-1, 6-2 என்று வென்றார்கள். செய்தித்தாள்கள் ஒற்றையரில் பட்டம் வென்ற 17 வயது லிண்டா ஃப்ருஹ்விர்டோவாவைப் பற்றி எழுதின. அது நியாயம்தான். இரட்டையருக்கு ஒரு வரி மட்டும் ஒதுக்கியது நியாயமில்லை.

இரட்டையர் எப்போதும் ஓரத்தில் இருந்ததில்லை. பரிசுப் பணம் வழங்கிய முதல் விம்பிள்டன் சாம்பியன்ஷிப் 1968. அன்று மகளிர் ஒற்றையர் சாம்பியனுக்கு 750 பவுண்டு. மகளிர் இரட்டையர் இணைக்கு 500. மூன்றில் இரண்டு பங்கு. ஆடவருக்கும் மகளிருக்கும் இடையே இருந்த அநியாயமான வித்தியாசம் 2007இல் நீங்கி, பரிசு சமமானது. ஆனால் ஒற்றையருக்கும் இரட்டையருக்கும் இடையிலான தூரம் வளர்ந்துகொண்டே போயிற்று. 2024இல் ஒற்றையர் சாம்பியனுக்கு 27 லட்சம் பவுண்டு. இரட்டையர் இணைக்கு, இருவருக்கும் சேர்த்து, 6.5 லட்சம். நான்கில் ஒரு பங்குகூட இல்லை. லாங்லென், கிங், நவ்ரத்திலோவா காலத்தில் முன்னணி வீராங்கனை இரட்டையரை ஆடாமல் இருப்பது அபூர்வம். இன்று ஒற்றையர் முன்னணியினர் பலர் உடலைக் காத்துக்கொள்ள இரட்டையரில் பெயர் கொடுப்பதில்லை. பணமும் அட்டவணையும் அவர்களை அந்த முடிவுக்குத் தள்ளுகின்றன. ஆட்டத்தின் குறை அதில் எதுவும் இல்லை.

அந்த இடத்தில் இரட்டையரையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் நிற்கிறார்கள். தைவானின் ஷியே சு-வெய் ஃபோர்ஹேண்டையும் பேக்ஹேண்டையும் இரண்டு கைகளால் அடிப்பவர். எந்தப் பந்தை லாப் ஆக்குவார், எதைச் சின்னதாக வலைக்கு மேல் விடுவார் என்று கடைசிவரை தெரியாது. 2013, 2019, 2021, 2023 என நான்கு முறை விம்பிள்டன் வென்றார். கடைசி முறை அவருக்கு 37 வயது, நீண்ட ஓய்விலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். துணை பார்போரா ஸ்ட்ரிசோவா, குழந்தை பெற்ற பிறகு திரும்பி ஆடியவர். 2024இல் கேத்தரினா சினியாகோவாவோடு வென்ற டெய்லர் டவுன்சென்ட்டும் ஒரு தாய். தாய்மைக்குப் பிறகு ஒற்றையரில் திரும்புவது மிகக் கடினம். இரட்டையர் அந்தப் பெண்களுக்குத் தங்கள் திறமையைத் தொடர இடம் தருகிறது. சினியாகோவா முன்பு 2018, 2022 பட்டங்களைப் பார்போரா கிரெய்ச்சிகோவாவோடு எடுத்தவர். இருவரும் 2013இல் இளையோர் பட்டத்தையும் விம்பிள்டனில் சேர்ந்தே வென்றவர்கள். கிரெய்ச்சிகோவாவுக்கு வழிகாட்டியவர் நான்கு முறை விம்பிள்டன் இரட்டையரை வென்ற யானா நோவோட்னா. 2017இல் நோவோட்னா புற்றுநோயால் மறைந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து கிரெய்ச்சிகோவா ஒற்றையரையும் வென்று, ஆசிரியரின் பெயர் உள்ள அதே பலகையில் தன் பெயரைச் சேர்த்தார். இரட்டையரில் கற்ற வாலியும் ரிட்டர்னும் ஒற்றையருக்கும் பயன்பட்டதற்கு அவரைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நெடுங்காலம் மகளிர் இரட்டையர் இறுதி இரண்டாம் சனிக்கிழமை, ஒற்றையர் இறுதி முடிந்த பிறகு, மாலை வெளிச்சம் போகும் வேளையில் நடந்துவந்தது. பரிசளிப்பு பார்த்த கூட்டத்தில் ஒரு பகுதி எழுந்து போயிருக்கும். 2015இல் கூரையை மூட வேண்டி வந்ததும் அந்த நேர ஒதுக்கீட்டின் விளைவே. 2025இல் விம்பிள்டன் அட்டவணையை மாற்றியது. மகளிர் இரட்டையர் இறுதி இரண்டாம் ஞாயிறு பகல் ஒரு மணிக்கு, ஆடவர் ஒற்றையர் இறுதிக்கு முன்பாக, சென்டர் கோர்ட்டின் முதல் ஆட்டமாக வைக்கப்பட்டது. இது சரியான மாற்றம், முன்பே செய்திருக்க வேண்டியது. அப்படி நடந்த முதல் இறுதி ஜூலை 13 அன்று. ரஷ்யாவின் வெரோனிகா குதெர்மெடோவா, பெல்ஜியத்தின் எலிஸ் மெர்டென்ஸ் இணை முதல் செட்டை இழந்து, மூன்றாவதில் பின்தங்கியும் மீண்டு, ஷியே சு-வெய், யெலேனா ஓஸ்டாபென்கோ இணையை 3-6, 6-2, 6-4 என்று வென்றது.